கார்ட்லெஸ் இம்பாக்ட் ரெஞ்ச்: வீட்டில் கார் வேலை பார்ப்பவர்கள் வாங்கும் முன் கேட்கும் கேள்விகள்

டயரை இடம் மாற்றிப் போடுவது, பிரேக் பேட் மாற்றுவது, ஷாக் அப்சார்பர் கழற்றுவது என்று சொந்தக் காரின் வேலையை வீட்டு வாசலிலேயே பார்ப்பவர்களுக்காக இந்தப் பக்கம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கருவி வீட்டுக்கு வருவது நட்டைக் கழற்றுவதற்குத்தான். கடைசி முறுக்கை டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு இறுகியதும் தெரிவிக்கும் கை ஸ்பேனர்) வைத்துக் கையால்தான் போடவேண்டும். இதை ஒப்புக்கொண்டுவிட்டால் எதை வாங்குவது, எவ்வளவு செலவழிப்பது என்பதில் பாதி முடிவாகிவிடும்.

டிரில் மெஷின் ஏற்கெனவே இருக்கிறது. அதில் சாக்கெட் (நட்டைக் கவ்வும் குழல்) மாட்டி நட்டைக் கழற்ற முடியாதா?

முடியாது. முயன்றால் நட்டுக்குப் பதில் உங்கள் மணிக்கட்டுதான் திரும்பும். டிரில் கொடுக்கும் முறுக்குவிசை எவ்வளவோ, அதே அளவு எதிர்விசை பிடித்திருக்கும் கைக்கு வருகிறது. சுவரில் துளை போடும் ஹேமர் மோடும் இங்கே உதவாது. அது முன்னும் பின்னுமாக இடிக்கிறது. நட்டுக்குத் தேவை சுற்றுவாட்டில் விழும் அடி.

இம்பாக்ட் ரெஞ்சுக்குள் மோட்டாருக்கும் சாக்கெட் மாட்டும் சதுர முனைக்கும் நடுவில் ஒரு சுத்தியல் பாகம், அதற்குப் பின்னால் ஒரு வலுவான ஸ்பிரிங். நட்டு இலகுவாகச் சுற்றும்வரை எல்லாம் சேர்ந்தே சுற்றும். நட்டு இறுகி நின்றதும் சுத்தியல் பாகம் பின்வாங்கி, அரைச் சுற்று வேகமெடுத்து வந்து சதுர முனையின் பக்கவாட்டில் அடிக்கிறது. நிமிடத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் தடவை இப்படி அடிக்கும். ஆணியைக் கட்டைவிரலால் அழுத்தினால் இறங்காது, சுத்தியால் தட்டினால் இறங்கிவிடும் அல்லவா, அதே கணக்குதான். ஒவ்வொரு அடியும் ஒரு கணத்தில் முடிந்துவிடுவதால் எதிர்விசை கையைத் திருப்புவதில்லை. அதிர்வு மட்டும்தான் வரும். துருவின் பிடி விடுவதும் இந்தத் திடீர் அடியில்தான்.

இம்பாக்ட் டிரைவர் இருக்கிறது. அடாப்டர் போட்டுச் சமாளிக்கலாமா?

இம்பாக்ட் டிரைவரின் வாய் கால் இஞ்ச் அறுகோணம், மர ஸ்குரூவுக்காகச் செய்தது. பெரும்பாலானவை 150 முதல் 200 நியூட்டன் மீட்டர் (கடையில் சொல்வதுபோல் இனி என்எம்) வரை கொடுக்கும். சரியான அளவில் முறுக்கிய வீல் நட்டு என்றால் சில நேரம் கழன்றுவிடும். ஆனால் மெல்லிய அடாப்டர் ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் முறுகி விசையைத் தின்னும், ஒருநாள் முறிந்தும் போகும். இஞ்சினுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் கவர், வீல் ஆர்ச் லைனர் போன்றவற்றின் சின்ன போல்ட்டுகளைக் கழற்ற டிரைவர் அருமையான கருவி. வீல் நட்டுக்கு அது வேண்டாம்.

எவ்வளவு டார்க் (முறுக்குவிசை) இருந்தால் போதும்?

உங்கள் காரின் நட்டு எவ்வளவு இறுக்கமாக இருக்கவேண்டும் என்பதிலிருந்து தொடங்குங்கள். பழைய மாருதி சிறிய கார்களின் கையேட்டில் வீல் நட்டுக்கு 85 என்எம் என்று இருக்கும். பல டொயோட்டா கார்களுக்கு 103, ஹோண்டாவுக்கு 108, ஃபோக்ஸ்வாகன் போலோவுக்கு 120. மாடலுக்கு மாடல், வருடத்துக்கு வருடம் மாறும் என்பதால் உங்கள் வண்டியோடு வந்த கையேட்டைத்தான் நம்பவேண்டும்.

85 என்எம் என்றால் எவ்வளவு? காரோடு வரும் வீல் ஸ்பேனரின் கை 30 சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். அதன் முனையில் 29 கிலோ எடையை வைத்தால் வரும் முறுக்கு அது. அவ்வளவுதான். 70 கிலோ ஆள் அதே முனையில் ஏறி நின்றால் 200 என்எம் தாண்டிவிடும்.

அப்படியென்றால் ஸ்டெப்னி மாற்ற உட்கார்ந்தால் ஏன் நட்டு அசையவே மாட்டேன் என்கிறது? கடைசியாக அதை முறுக்கியது யார் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் பஞ்சர் கடையோ டயர் கடையோதான். காற்றழுத்தத்தில் ஓடும் ஏர் கன்னை நட்டில் வைத்து 'டர்ர்ர்' என்று நான்கைந்து வினாடி பிடித்துவிட்டு அடுத்த நட்டுக்குப் போய்விடுவார்கள். 100 என்எம் போதுமான இடத்தில் 250, 300 என்று ஏறியிருக்கும். அதன்மேல் ஒரு மழைக்காலத் துரு. வீட்டுக்கருவி ஜெயிக்கவேண்டியது இதை.

ஆகவே சாதாரண ஹேட்ச்பேக், செடான், சிறிய எஸ்யூவி வைத்திருப்பவருக்கு உண்மையாகவே 300 முதல் 400 என்எம் வரை முறுக்கக்கூடிய கருவி போதும். கழற்றும் பக்கம் அதைவிட நன்றாகவே கூடுதலாக வரும். இன்னோவா, ஸ்கார்ப்பியோ மாதிரி பெரிய வண்டி, அதிலும் சஸ்பென்ஷன் வேலை, ஆக்ஸில் நட்டு என்று இறங்குபவர்கள் 500, 600 பக்கம் போகலாம்.

பெட்டியில் இரண்டு டார்க் எண்கள் போட்டிருக்கிறார்கள். எதைப் பார்ப்பது?

ஒன்று முறுக்கும்போது கொடுக்கும் உச்சம். இன்னொன்று இறுகிய நட்டை உடைத்துக் கழற்றும்போது சமாளிக்கும் உச்சம். இரண்டாவது எப்போதும் பெரியதாக இருக்கும். மகிட்டாவின் டிடிடபிள்யூ300 மாடலுக்கு முறுக்க 330, கழற்ற 580 என்எம். டிவால்ட் டிசிஎஃப்899 மாடலுக்கு 950, 1625. ஒரு கருவியின் கழற்றும் எண்ணை இன்னொன்றின் முறுக்கும் எண்ணோடு ஒப்பிட்டு ஏமாறுவதுதான் அடிக்கடி நடப்பது. ஒரே வகை எண்ணை எடுத்து ஒப்பிடுங்கள். விளம்பரத்தில் ஒரே ஒரு எண் கொட்டை எழுத்தில் இருந்தால் அது கழற்றும் எண் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த எண்களும் முழு சார்ஜ் பேட்டரி, கனமான போல்ட், சில வினாடிகள் தொடர்ந்த அடி என்ற நிலையில் எடுத்தவை. நடுவில் ஒரு எக்ஸ்டென்ஷன் ராடு போட்டாலே குறையும். யுனிவர்சல் ஜாயின்ட் (எப்பக்கமும் வளையும் இணைப்பு) போட்டால் இன்னும் குறையும். பெயர் தெரியாத பிராண்டுகள் போடும் எண்ணில் பாதிகூட நடைமுறையில் வருவதில்லை. அந்தப் பெட்டிகளில் இருக்கும் எண்ணை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை.

எதற்குக் கஞ்சத்தனம்? பெரியதாகவே ஒன்று வாங்கிவிட்டால்?

மேலே சொன்ன டிவால்ட் பேட்டரியோடு மூன்று கிலோவைத் தாண்டும். அந்த மகிட்டா சுமார் இரண்டு கிலோ. நின்றுகொண்டு லாரி டயர் கழற்றுபவருக்கு இது ஒரு விஷயமில்லை. வீட்டில் நீங்கள் குந்தி உட்கார்ந்து, ஒரு கையை வீல் ஆர்ச்சுக்குள் நுழைத்து, தலையைச் சாய்த்துக்கொண்டு பிரேக் காலிபர் பிராக்கெட் போல்ட்டைத் தேடுவீர்கள். அங்கே ஒரு கிலோ அதிகம் என்பது பெரிய வித்தியாசம். அதைவிட முக்கியம் கருவியின் தலை நீளம். சாக்கெட்டையும் சேர்த்துப் பார்த்தால் நீளமான இம்பாக்ட் ரெஞ்ச் (சுருக்கமாக, கன்) பல இடங்களில் உள்ளே போகவே போகாது. டிடிடபிள்யூ300 வகைக் குட்டைக் கருவிகள் 15 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. எம்12 ஸ்டட்டை (நட்டு ஏறும் 12 மி.மீ. மரைத் தண்டை) 1000 என்எம் கருவி ஒரே வினாடியில் முறித்துவிடும். கை தப்பினால் திருத்திக்கொள்ள நேரம் இருக்காது.

டிரைவ் அளவு (சாக்கெட் மாட்டும் சதுர முனையின் அளவு): அரை இஞ்சா, 3/8 இஞ்சா?

ஒன்றே ஒன்றுதான் வாங்கப்போகிறீர்கள் என்றால் அரை இஞ்ச். வீல் நட்டுக்கான சாக்கெட்டுகள் எல்லாம் அதில்தான் தாராளமாகக் கிடைக்கும். 3/8 இஞ்ச் கருவி இஞ்சின் பேக்குள் நுழைய வசதி, ஆனால் அது இரண்டாவது கருவி. முக்கால் இஞ்ச் லாரி, டிராக்டர் வேலைக்கு.

சதுர முனையில் சாக்கெட்டைப் பிடித்துவைக்க இரண்டு முறை உண்டு: வளையம், அல்லது அழுத்தி எடுக்கும் பின். அடிக்கடி சாக்கெட் மாற்றும் வீட்டு வேலைக்கு வளையம்தான் வசதி.

18 வோல்ட், 20 வோல்ட், 21 வோல்ட், 48, 88, 388 என்றெல்லாம் விற்கிறார்களே. வோல்ட் கூடினால் பலம் கூடுமா?

இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள், கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

லித்தியம் அயான் செல் ஒன்றின் சராசரி அழுத்தம் 3.6 வோல்ட். ஐந்தை வரிசையாக இணைத்தால் 18. அதே செல் முழு சார்ஜில் 4.2 வரை போகும், ஐந்துக்கு 21. ஆகவே 18, '20 வோல்ட் மேக்ஸ்', 21 மூன்றும் ஒரே ஐந்து செல் அமைப்புதான். ஒருவர் சராசரியைச் சொல்கிறார், இன்னொருவர் உச்சத்தைச் சொல்கிறார். இதில் பொய் இல்லை, பெயரிடும் முறைதான் வேறு.

48விஎஃப், 88விஎஃப், 128விஎஃப், 388விஎஃப் என்று வருபவை அப்படியல்ல. எண்ணுக்குப் பக்கத்தில் 'வி'யோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த 'எஃப்' எழுத்தைக் கவனியுங்கள். அது வோல்ட் இல்லை, வெறும் மாடல் பெயர் என்று சொல்லித் தப்பிக்க வைத்தது. உள்ளே திறந்தால் அதே ஐந்து செல், அல்லது ஐந்து ஐந்தாகப் பத்து. சார்ஜரின் அடியில் இருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள்: வெளியீடு 21 வோல்ட் என்று போட்டிருந்தால் பேட்டரியும் 21 வோல்ட்தான், மேலே எத்தனை ஒட்டியிருந்தாலும்.

வீட்டுக் கார் வேலைக்கு 18 வோல்ட் வகுப்பு போதும்.

பேட்டரி எத்தனை ஆம்பியர் ஹவர் வேண்டும்?

ஆம்பியர் ஹவர் என்றால் எவ்வளவு நேரம் ஓடும் என்பது மட்டும்தான் என்று நினைப்பார்கள். இம்பாக்ட் ரெஞ்சில் பலமும் இதில் இருக்கிறது. நட்டு அடம்பிடிக்கும்போது மோட்டார் ஒரேயடியாக நிறைய மின்சாரம் இழுக்கும். 2 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் பெரும்பாலும் ஐந்தே செல். அத்தனை சுமையும் அந்த ஐந்தின் மேல். 4 அல்லது 5 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் பொதுவாகப் பத்து செல் இருப்பதால் சுமை பாதியாகிறது, வோல்ட் சரிவது குறைகிறது, அடி வலுவாக விழுகிறது. அதே கருவியில் சின்ன பேட்டரியை எடுத்துவிட்டுப் பெரியதை மாட்டினால் கழலாத நட்டு கழல்வது சாதாரணம்.

4 ஆம்பியர் ஹவர் ஒன்று இருந்தால் நான்கு சக்கரத்தையும் கழற்றி மாட்ட ஒரு சார்ஜே மிஞ்சும். இரண்டு சின்ன பேட்டரிக்குப் பதில் ஒரு நல்ல நடுத்தர பேட்டரி வாங்குங்கள். பெயர் தெரியாத பேட்டரியில் '6000', '8000' என்று போட்டிருந்தால் கையில் தூக்கிப் பாருங்கள். 18650 வகை செல் ஒன்று 45 கிராம் பக்கம் இருக்கும். பத்து செல்லே 450 கிராம். மொத்த பேட்டரியே 350 கிராம்தான் என்றால் உள்ளே ஐந்துதான் இருக்கிறது.

பிரஷ்லெஸ் மோட்டார் கட்டாயமா?

கட்டாயமில்லை, ஆனால் விலை வித்தியாசம் பெரிதாக இல்லையென்றால் அதையே எடுங்கள். கார்பன் பிரஷ் தேயாது, சூடு குறைவு, அதே பேட்டரியில் கூடுதல் வேலை. வருடத்துக்கு நாலைந்து தடவை மட்டும் எடுப்பவருக்குக் கார்பன் பிரஷ் உள்ள பழைய மாடல் பல காலம் உழைக்கும், பிரஷ் மாற்றுவதும் அற்பச் செலவு.

எந்த பிராண்ட்?

பேட்டரியைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், கருவியை அல்ல. வீட்டில் ஏற்கெனவே பாஷ் 18 வோல்ட் டிரில் இருந்தால் பாஷ் ரெஞ்ச். மகிட்டா கிரைண்டர் இருந்தால் மகிட்டா. இந்த வகைக் கருவியின் விலையில் பெரும்பகுதி பேட்டரியும் சார்ஜரும்தான். அது கையில் இருந்தால் வெறும் கருவியை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். வாங்கும்முன் ஒரு விஷயத்தை உறுதி செய்யவேண்டும்: ஒரே பிராண்டுக்குள்ளும் இரண்டு மூன்று பேட்டரி வரிசைகள் உண்டு. பாஷில் பச்சை நிற வரிசையும் நீல நிற வரிசையும் வேறு. 18 வோல்ட் என்று இரண்டிலும் போட்டிருந்தாலும் ஒன்றின் பேட்டரி மற்றதில் ஏறாது.

எதுவுமே கையில் இல்லாதவர்கள் உங்கள் ஊரில் எதற்கு சர்வீஸ் சென்டர் இருக்கிறது என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். சென்னை, கோவை, மதுரையில் இருப்பவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை. சின்ன ஊர்க்காரர்களுக்குத்தான் முக்கியம்.

மலிவான பிராண்டே வேண்டாமா என்றால், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பஞ்சரானால் ஸ்டெப்னி மாற்றுவதைத் தவிர வேறு வேலை பார்க்கப்போவதில்லை என்பவருக்கு அது போதும். ஆனால் அந்தப் பேட்டரியை ராத்திரி முழுக்க சார்ஜில் விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். செல்களைத் தனித்தனியாகக் கவனிக்கும் சர்க்யூட் பலவற்றில் இருப்பதில்லை. அப்புறம், பெரிய பிராண்டின் நிறத்தையும் எழுத்தையும் காப்பியடித்து நாலில் ஒரு பங்கு விலைக்கு வருபவை போலிதான். அவற்றைவிடத் தன் பெயரிலேயே விற்கும் மலிவான பிராண்ட் எவ்வளவோ மேல்.

கையில் இருக்கும் சாதாரண சாக்கெட் செட்டை இதில் மாட்டலாமா?

கூடாது. பளபளவென்று இருக்கும் குரோம் வனேடியம் சாக்கெட்டுகள் கை ராட்செட்டுக்காகச் செய்தவை. கெட்டியானவை, ஆனால் தொடர் அடியில் விரிசல் விடும். துண்டு தெறித்து முகத்தில் படலாம். கறுப்பாக, சுவர் தடிமனாக இருக்கும் இம்பாக்ட் சாக்கெட்டுகள்தான் வேண்டும். அவை குரோம் மாலிப்டினம் எஃகு, அடியைத் தாங்கிக்கொள்ளும்.

மொத்த செட் வாங்கவேண்டியதில்லை. மாருதிக்கும் ஹோண்டாவுக்கும் 19 மி.மீ., ஹூண்டாய்க்கும் டொயோட்டாவுக்கும் 21, ஃபோக்ஸ்வாகனுக்கும் ஸ்கோடாவுக்கும் 17 என்பது பொதுவான கணக்கு. உங்கள் வண்டி ஸ்பேனரை வைத்துச் சரிபார்த்துக்கொண்டு அந்த அளவில் ஆழமான சாக்கெட் ஒன்று வாங்குங்கள். அலாய் வீல் என்றால் வெளியே பிளாஸ்டிக் உறை போட்ட, சுவர் மெலிந்த வகை. நட்டுக் குழிக்குள் கீறல் விழாது. ஆறு மூலை உள்ளதையே கேளுங்கள். பன்னிரண்டு மூலை நட்டின் முனையைத் தேய்த்துவிடும்.

சென்னையில் இருப்பவர்கள் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் போனால் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம்.

இதே கருவியால் நட்டை முறுக்கவும் செய்யலாம்தானே? டயர் கடையில் அப்படித்தானே செய்கிறார்கள்?

செய்கிறார்கள். அதனால்தான் நெடுஞ்சாலையில் ராத்திரி பத்து மணிக்குப் பஞ்சராகும்போது குடும்பமே இறங்கி ஸ்பேனர்மேல் ஏறி மிதிக்கவேண்டியிருக்கிறது.

இம்பாக்ட் ரெஞ்சுக்குத் தான் எவ்வளவு இறுக்கினோம் என்று தெரியாது. ஒவ்வொரு அடியும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போகும். பேட்டரியின் நிலை, சாக்கெட்டின் எடை, மரையில் இருக்கும் அழுக்கு, நீங்கள் எத்தனை வினாடி அழுத்தினீர்கள் என்பதைப் பொறுத்து ஒரே சக்கரத்தின் நான்கு நட்டும் நான்கு அளவில் நிற்கும். சக்கரம் அழுத்திப் பிடிக்கும் பிரேக் டிஸ்க் அதனால் ஒரு பக்கமாக இழுபடும்; கொஞ்ச நாளில் பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் உதறும். ஸ்டட் நீண்டு பலமிழக்கும். கருவியில் 1, 2, 3 என்று வேக நிலைகள் இருப்பதை டார்க் அளவு என்று நினைக்கவேண்டாம். அவை வேகமும் அடியும்தான். நட்டு நின்றதும் தானே நிறுத்தும் வசதி சில மாடல்களில் வருகிறது, நல்ல வசதிதான், ஆனாலும் அது அளக்கும் கருவி அல்ல.

சரியான முறை இது. சக்கரத்தை ஹப்பில் மாட்டி, ஒவ்வொரு நட்டையும் விரலாலேயே மூன்று நான்கு சுற்று ஏற்றுங்கள். மரை சரியாகப் பிடித்திருந்தால் விரலுக்கே இலகுவாகப் போகும். முதல் சுற்றிலேயே தடுத்தால் கோணலாக ஏறுகிறது என்று பொருள், கழற்றித் திரும்ப வையுங்கள். பிறகு கன்னைக் குறைந்த வேகத்தில் வைத்து டிரிக்கரைப் பாதி மட்டும் அழுத்தி, நட்டு சக்கரத்தில் போய் உட்காரும்வரை மட்டும் ஓட்டுங்கள். முதல் 'டக்' சத்தம் வந்ததும் விரலை எடுத்துவிடவேண்டும். காரை இறக்கி டயர் தரையில் பதிந்ததும் டார்க் ரெஞ்சை எடுங்கள். நான்கு நட்டு என்றால் எதிரெதிராக, ஐந்து என்றால் ஒன்றுவிட்டு ஒன்றாக நட்சத்திர வரிசையில். ரெஞ்சின் கைப்பிடி நுனியில் பிடித்து, வெடுக்கென்று இல்லாமல் நிதானமாக இழுத்தால் குறித்த அளவில் 'டிக்' என்று ஒரு சின்ன உதறல் கைக்குத் தெரியும். அங்கே நிறுத்துங்கள். உறுதிக்காக என்று இரண்டாவது 'டிக்', மூன்றாவது 'டிக்' வேண்டாம்.

நூறு கிலோமீட்டர் ஓடுவதற்குள் ஒருமுறை திரும்ப வைத்துப் பாருங்கள். அலாய் வீலில் இது அவசியம்.

அப்படியென்றால் டார்க் ரெஞ்சுக்கும் தனியாகச் செலவா?

ஆமாம். பட்ஜெட்டில் முதல் இடம் அதற்குத்தான். காசு இரண்டுக்கும் போதவில்லை என்றால் இந்த வருடம் டார்க் ரெஞ்சும், கழற்றுவதற்கு நீளமான பிரேக்கர் பாரும் (சாக்கெட் மாட்டும் நீளக் கைப்பிடி) வாங்குங்கள். கன் அடுத்த வருடம் வரட்டும். அரை இஞ்ச் டிரைவில், 40 முதல் 200 என்எம் வரை அளக்கும் 'டிக்' வகை போதும். வேலை முடிந்ததும் அதன் குறைந்தபட்ச அளவுக்கு இறக்கி வையுங்கள், ஸ்பிரிங் தளராது. அதை வைத்து நட்டுக் கழற்றாதீர்கள்.

கன்னை எங்கெல்லாம் வைக்கவே கூடாது?

ஸ்பார்க் பிளக், ஆயில் டிரெயின் போல்ட்டை முறுக்குவது, வால்வ் கவர் போல்ட், அலுமினியத்தில் ஏறும் எந்தச் சின்ன போல்ட்டும். டிரெயின் போல்ட்டுக்குத் தேவை 30, 40 என்எம்தான். மரை போய்விட்டால் ஆயில் சம்ப்பையே மாற்றவேண்டியிருக்கும்.

அலாய் வீலுக்குப் போடும் திருட்டுத் தடுப்பு லாக் நட்டிலும் வேண்டாம். அதன் சாவி மெல்லிய வரி வடிவம் கொண்டது. அடியில் உடைந்தால் நட்டைக் கழற்றவே வழியில்லாமல் போகும். அதை மட்டும் கையால் கழற்றுங்கள்.

ஷாக் அப்சார்பரின் மேல் நட்டைக் கழற்ற கன் வசதிதான், தண்டு கூடவே சுற்றும் தொல்லை இருக்காது. ஆனால் காயில் ஸ்பிரிங்கை கம்ப்ரஸர் மாட்டிச் சுருக்காமல் அந்த நட்டைத் தொடாதீர்கள். அடைபட்டிருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும் விசையோடு பாயும். கம்ப்ரஸரின் திருகையும் கன்னால் ஓட்டாமல் கை ஸ்பேனரால் திருகுங்கள்.

கன் வைத்தும் கழலவில்லை. என்ன செய்வது?

திருவான்மியூர், ராயபுரம், தூத்துக்குடி என்று கடலோரத்தில் நிற்கும் கார்களில் இது சகஜம். பேட்டரி முழு சார்ஜா, சாக்கெட் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா, நடுவில் இருக்கும் எக்ஸ்டென்ஷனை எடுத்துவிட முடியுமா என்று முதலில் பாருங்கள். துரு இளக்கும் எண்ணெயை மரையில் அடித்துவிட்டுப் பதினைந்து இருபது நிமிடம் காத்திருங்கள். டீ குடித்துவிட்டு வரலாம். பிறகு முறுக்கும் திசையில் ஒரே ஒரு கணம் தட்டி, உடனே கழற்றும் திசைக்கு மாற்றி ஐந்து வினாடி கொடுங்கள். முன்னும் பின்னும் அசைத்தால் துருவின் பிடி உடையும். பல்லைக் கடிக்கும் 'டடடட' சத்தம் திடீரென்று மாறி, சாக்கெட் சட்டென்று விடுபட்டுச் சுற்றும். அப்போதே டிரிக்கரை விட்டுவிடுங்கள், நட்டு தெறித்துப் போகாது.

ஒரே மூச்சில் முப்பது வினாடி அடித்துக்கொண்டே இருந்தால் நட்டு கழலாது, கருவிதான் சூடாகும். பத்து வினாடியில் வரவில்லை என்றால் நிறுத்திவிட்டு நீளமான பிரேக்கர் பாரை எடுங்கள். கழற்றியபின் ஸ்டட்டில் மிச்சமிருக்கும் எண்ணெயைத் துடைத்துவிடவேண்டும். மரை வழவழப்பாக இருந்தால் அதே 100 என்எம் அளவிலும் ஸ்டட் கூடுதலாக இழுபடும்.

சிகரெட் லைட்டரில் செருகும் 12 வோல்ட் கன், கரன்ட்டில் ஓடும் கன், ஏர் கன் எல்லாம் எப்படி?

லைட்டர் சாக்கெட்டின் ஃபியூஸ் 10 அல்லது 15 ஆம்பியர். 12 வோல்ட்டில் 15 ஆம்பியர் என்றால் 180 வாட். 18 வோல்ட் பேட்டரிக் கருவி உச்சத்தில் இழுப்பதில் இது ஒரு சிறு பங்கு. அதை வாங்கவேண்டாம்.

230 வோல்ட் கரன்ட்டில் ஓடும் கன் நல்ல மாற்று. கார் நிற்கும் இடத்தில் பிளக் பாயின்ட் இருந்து, வழியில் பயன்படுத்தும் எண்ணமும் இல்லையென்றால் குறைந்த காசில் நல்ல பலம். பேட்டரி செத்துப்போகும் கவலையே இல்லை. அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் நிறுத்துபவர்களுக்கு ஒத்துவராது. ஏர் கன்னுக்கு கம்ப்ரஸர், தொட்டி, குழாய் என்று இடம் அடைக்கும். ஒரு காருக்காக அது தேவையில்லை.

பாதுகாப்புக்கு?

கண்ணாடி, காதடைப்பான் இரண்டும். இதன் சத்தம் நூறு டெசிபெல் பக்கம் போகும். மூடிய ஷெட்டில் இன்னும் மோசம். நான்கு சக்கர வேலை என்றால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஜாக் ஸ்டாண்டு வையுங்கள். ஹேண்ட் பிரேக், கியர், எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முட்டுக்கல். கன் இருக்கிறதே என்று காரைத் தூக்கியபிறகு இறுகிய நட்டோடு மல்லுக்கட்டவேண்டாம். தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்திவிட்டு ஜாக்கி போடுங்கள். சாக்கெட் மாற்றும்போது பேட்டரியைக் கழற்றிவிடுவது நல்ல பழக்கம்.

காரின் டிக்கியிலேயே வைத்திருக்கலாமா?

ஏப்ரல், மே மாத வெயிலில் மூடிய கார் அடுப்பாகிவிடும். லித்தியம் பேட்டரிக்கு வெப்பம்தான் முதல் எதிரி. நீண்ட பயணம் போகும் நாளில் எடுத்துவையுங்கள், வந்ததும் வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில் வையுங்கள். முழுதாக ஏற்றியோ முழுதாக இறக்கியோ வைக்கவேண்டாம். வேலை முடிந்து சூடாக இருக்கும் பேட்டரியை உடனே சார்ஜரில் போடாமல் ஆறவிடுங்கள்.

துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் உறவினரை வாங்கிவரச் சொல்லலாமா?

விலை குறைவாகக் கிடைத்தால் சொல்லலாம், சில விஷயங்களைக் கவனித்து. தனி பேட்டரியைக் கைப்பையில்தான் கொண்டுவரவேண்டும், செக்-இன் பெட்டியில் போடக்கூடாது. கருவி அதற்கு நேர்மாறாக, செக்-இன் பெட்டியில். 100 வாட் ஹவர் வரை பேட்டரிக்குத் தனி அனுமதி தேவையில்லை. 18 வோல்ட்டில் 5 ஆம்பியர் ஹவர் என்றால் 90, சரி. 6 என்றால் 108, விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்கவேண்டும். முனைகளில் டேப் ஒட்டிவிடச் சொல்லுங்கள்.

துபாய், சிங்கப்பூர் சார்ஜர் நம் 230 வோல்ட்டில் ஓடும், பிளக் முனை மட்டும் மாற்றினால் போதும். அமெரிக்காவிலிருந்து வருவது 120 வோல்ட் சார்ஜராக இருந்தால் இங்கே செருகியதும் எரிந்துவிடும். அங்கிருந்து வருபவரிடம் கருவியையும் பேட்டரியையும் மட்டும் சொல்லிவிட்டு, சார்ஜரை இங்கே வாங்கிக்கொள்ளுங்கள். வாரன்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டில்தான் செல்லும் என்பதையும் விலைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.